ஈரம் போகும் வழி

ஓவிய வகுப்பில் ஆசிரியர் இடும் கட்டளைகள் மிகச் சில. நன்றாகப் பிசை. கீறிவிட்டு ஒட்டு. வெயிலில் வைக்காதே. முதல் பூச்சு காயும்வரை தொடாதே. மாணவி இவற்றை ஒரே மாதத்தில் மனப்பாடம் செய்துவிடுவாள். அவள் கையும் பழகிவிடும். ஆனால் இந்தச் சின்னச் சின்னக் கட்டளைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் கண்ணுக்கே தெரியாத துகள்களின் பெரிய நாடகம் நடக்கிறது. களிமண்ணோ வண்ணமோ, இரண்டிலும் அவள் உண்மையில் கற்பது ஒரே வித்தையைத்தான். நீரை உள்ளே அழைத்து, அதைக்கொண்டு வேலையை முடித்து, செய்த பொருளுக்குச் சேதம் வராமல் அதை வழியனுப்பி வைக்கும் வித்தை அது.

களிமண்ணிலிருந்து தொடங்குவோம். அது ஒரு காலத்தில் பாறையாக இருந்தது. கிரானைட் கல்லை உற்றுப் பார்த்தால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடிப் படிகங்கள் தெரியும்; அவற்றில் பெரும்பங்கு ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் காலங்காலமாக ஊறி, ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து பொட்டாசியத்தையும் சோடியத்தையும் உருவிக்கொண்டு போய்விடுகிறது. எஞ்சிய சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனும் நீரின் கூறுகளோடு சேர்ந்து அடுக்கடுக்கான நுண்தகடுகளாகப் புதுப் பிறவி எடுக்கின்றன. இப்படிப் பிறக்கும் கனிமங்களில் முக்கியமானது கயோலினைட். வெண்களிமண்ணின் உயிர்நாடி இதுதான்.

அத்தகடு ஒன்றின் அகலம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் குறுக்கே 70 தகடுகளை வரிசையாக அடுக்கலாம். தடிமன் அதைவிடப் பல மடங்கு குறைவு. இவ்வளவு மெலிந்த பொருளுக்குப் பரப்பு எக்கச்சக்கமாக இருக்கும். 1 கிராம் களிமண்ணில் உள்ள தகடுகளின் எல்லாப் பக்கங்களையும் விரித்துப் போட்டால் சுமார் 10 சதுர மீட்டர் வரும். பத்தடிக்குப் பத்தடி அறையின் தரை முழுவதும் அதில் அடங்கும். இதே கணக்கில், மாணவி கையில் வாங்கும் அரைக் கிலோ மண்ணுக்குள் ஒரு ஏக்கருக்கு மேல் பரப்பு மடிந்து கிடக்கிறது.

அந்த ஏக்கர் முழுவதிலும் நீர் ஒட்டிக்கொள்கிறது. ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் வழுக்கிப் போகும். மேலே தூக்கிப் பிரிக்கப் பார்த்தால் பிரியாது. களிமண் கை சொன்னபடி வளைந்துகொடுத்து, விட்ட இடத்தில் அப்படியே நிற்பதற்கும் இதுவே காரணம். நீர் குறைந்தால் தகடுகள் வழுக்காமல் முறியும். கூடினால் பிடிப்பை விட்டுச் சேறாகும். எடையில் ஏறக்குறைய கால்வாசி நீர் என்பது பொதுவான கணக்கு. ஆனால் பழகியவர்கள் அளந்து ஊற்றுவதில்லை. சிறிது மண்ணைத் திரியாக உருட்டி விரலில் சுற்றிப் பார்ப்பார்கள். வளைவில் வெடிப்பு விழாவிட்டால் பதம் சரி. ஆய்வகக் கருவி எதுவும் இல்லாமல், விரல் ஒன்றை மட்டும் கொண்டு நீரின் அளவைச் சொல்லிவிடும் சோதனை இது.

பிசைவது எதற்கு? நீரை எல்லா மூலைக்கும் சமமாகப் பரப்புவது ஒரு வேலை. அதைவிட நுட்பமான வேலை, தாறுமாறாகக் கிடக்கும் தகடுகளைக் கலைத்துச் சீராக்குவது. நம் ஊர்க் குயவர்கள் சக்கரத்தில் பானையை வனைந்து அடியில்லாமல் அறுத்தெடுப்பார்கள். பிறகு உட்புறம் ஒரு கல்லை முட்டுக்கொடுத்து, வெளியிலிருந்து பலகையால் தட்டித் தட்டி அடிப்பகுதியை மூடுவார்கள். ஒவ்வொரு தட்டும் தகடுகளைச் சுவரோடு படுக்கவைத்து நெருக்குகிறது. சுவர் மெலிந்தாலும் வலுவாகிறது. மானாமதுரையில் கடம் செய்பவர்களின் கை இந்தத் தட்டலில்தான் பேசுகிறது. கடத்தின் நாதம் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

தகடுகளின் இந்த வரிசையால் களிமண்ணுக்கு ஒரு விசித்திர குணமும் வந்துவிடுகிறது. தட்டையான மண்பலகை ஒன்றைத் தூக்கும்போது அது சற்று வளைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாணவி அதை நிமிர்த்தி, கோணல் தெரியாமல் தடவிக் காயவைக்கிறாள். காயும்போதோ சூளையிலோ அது மறுபடி அந்த வளைவுப் பக்கமே சாயும். வளைத்த இடத்தில் தகடுகள் திரும்பிய திசை உள்ளே பதிந்துவிட்டது. வெளியில் தடவியது உள்ளே எட்டவில்லை. இதைக் குயக்கலைஞர்கள் மண்ணின் ஞாபகம் என்கிறார்கள். நேராக்க வேண்டுமானால், வளைந்த அளவுக்கு எதிர்ப்பக்கம் ஒருமுறை வளைத்துவிட்டுப் பிறகு சமன்செய்ய வேண்டும்.

அடுத்தது ஒட்டும் வேலை. யானைக்குத் தும்பிக்கை வைக்கும்போது இரு பக்கமும் கீறி, களிமண் குழம்பைத் தடவி அழுத்தச் சொல்கிறார் ஆசிரியர். வழவழவென்று தடவிய பரப்பில் தகடுகள் எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. ஒரு பக்கத்துத் தகடு மறுபக்கத்துக்குள் நுழைய வழியில்லை. கீறல் அந்தப் படுக்கையைக் கிழித்துத் தகடுகளின் விளிம்புகளை நிமிர்த்துகிறது. குழம்பின் நீர் இரு பக்கமும் ஊறி, மிதக்கும் தகடுகளை இடுக்குகளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. காய்ந்ததும் தும்பிக்கைக்கும் உடலுக்கும் இடையே கோடே இருக்காது. ஆனால் இரண்டும் ஒரே ஈரத்தில் இருந்தாக வேண்டும். காய்ந்த உடலோடு ஈரத் தும்பிக்கை சேர்ந்தால், ஒன்று சுருங்கி முடித்திருக்க மற்றது சுருங்கத் தொடங்கும். ஒட்டிய இடம் பிளந்துவிடும்.

சுருக்கம் சாதாரணமானதல்ல. 20 சென்டிமீட்டர் உயரக் குதிரை காய்ந்து முடிவதற்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குட்டையாகிவிடும். நீர் விலக விலகத் தகடுகள் நெருங்கி வருவதால் இப்படி ஆகிறது. இதில் ஒரு ரகசியம் உண்டு. தகடுகள் ஒன்றையொன்று தொட்டதும் சுருக்கம் நின்றுவிடும். அதற்குப் பிறகும் இடுக்குகளில் நீர் நிறைய இருக்கும். அது வெளியேறும்போது உருவம் அசைவதில்லை. ஆகவே ஆபத்தெல்லாம் முதல் கட்டத்தில்தான். காதும் வாலும் மெல்லியவை, முதலில் காய்ந்து சுருங்கப் பார்க்கும். தடித்த உடல் இன்னும் ஈரமாக நின்று இடம் கொடுக்காது. நடுவில் விரிசல் ஓடும். நிழலில் வை, ஈரத்துணி போர்த்து, பாலித்தீன் உறையால் மூடு என்றெல்லாம் சொல்வது அந்த முதல் கட்டத்தை இழுத்து நீட்டி, எல்லாப் பாகமும் சேர்ந்து சுருங்கச் செய்வதற்காக.

காய்ந்தது சூளைக்குப் போகிறது. காற்றுக்குமிழி இருந்தால் பொம்மை வெடிக்கும் என்று வகுப்புதோறும் சொல்லப்படுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காற்றின் மேல் குற்றமில்லை என்று தெரியும். அறைவெப்பத்திலிருந்து 900 டிகிரி செல்சியஸ் வரை சூடானாலும் காற்று ஏறத்தாழ 4 மடங்குதான் விரியும்; அது நுண்துளைகள் வழியே கசிந்து போய்விடும். நீர் நீராவியாகும்போதோ ஏறத்தாழ 1,600 மடங்கு விரிகிறது. தடித்த காலுக்குள் ஒரு தேக்கரண்டி ஈரம் மிச்சமிருந்தால், 100 டிகிரியைத் தாண்டியதும் அது 8 லிட்டர் ஆவியாக விரிய இடம் கேட்கும். பொம்மையைச் சிதறடிப்பது அதுதான். தடித்த பாகங்களைக் குடைந்து உள்ளீடற்றதாக்கச் சொல்வதன் நோக்கம் ஈரம் தங்கும் ஆழத்தைக் குறைப்பது.

புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரத்து அய்யனார் கோயில்களுக்கு ஆளுயரத்தையும் மிஞ்சும் மண்குதிரைகளைச் செய்யும் வேளார்கள் இந்தச் சிக்கலை வேறு வழியில் வென்றார்கள். மண்ணோடு மணலையும் உமியையும் கலந்து பிசைவார்கள். மணல் சுருங்காது, அதனால் மொத்தச் சுருக்கமும் குறைகிறது. உமி காயும்போது ஈரம் வெளியேற வழிவிடுகிறது. சூளையில் எரிந்து சாம்பலாகி, ஆவி போக ஆயிரமாயிரம் நுண்வழிகளை விட்டுச் செல்கிறது. வைக்கோலும் விறகும் மூட்டிய சூளையில் அவ்வளவு பெரிய உருவம் வெடிக்காமல் வெளிவருவதை நான் பொறியியல் சாதனை என்றே சொல்வேன்.

மனிதர் இந்த வெடிப்பை வேண்டுமென்றே வரவழைத்த காலமும் இருந்திருக்கலாம். செக் நாட்டில் தோல்னி வெஸ்டோனிட்சே என்ற இடத்தில் கிடைத்த சுட்டமண் உருவங்கள் 25,000 ஆண்டுகளுக்கும் பழையவை. பானை என்ற ஒன்று தோன்றுவதற்கும் முந்தியவை! சிதறிய துண்டுகள் அங்கே ஆயிரக்கணக்கில் கிடைத்தன. ஈர உருவங்களை நெருப்பிலிட்டு வெடிக்கச் செய்வது ஒரு சடங்காக இருந்திருக்கும் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சிதறாமல் தப்பியவற்றில் புகழ்பெற்றது 11 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பெண் உருவம். அதன் முதுகில் ஒரு விரல்ரேகை பதிந்திருக்கிறது. ரேகைகளின் இடைவெளியை அளந்து பார்த்ததில், அது 7 முதல் 15 வயதுக்குள் இருந்த ஒரு சிறார் கையின் ரேகை என்று தெரிந்தது. நாம் அறிந்த மிகப் பழைய களிமண் கலையிலேயே ஒரு பள்ளி வயதுப் பிள்ளையின் கை பட்டிருக்கிறது.

100 டிகிரியோடு நீரின் கதை முடிந்துவிடவில்லை. எலும்பாகக் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் தூய வெண்களிமண்ணில் எடைக்கு 14 சதவீதம் நீரின் கூறுகள் இன்னும் ஒளிந்திருக்கின்றன. ஈரமாக அல்ல, தகடுகளின் கட்டமைப்புக்குள்ளேயே ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிணைந்திருக்கின்றன. 1 கிலோ உலர்ந்த பொம்மையில் 140 கிராம், கிட்டத்தட்ட ஒரு டம்ளர் நீர். ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் அந்தப் பிணைப்பு அறுகிறது. நீர் ஆவியாகி வெளியேறுகிறது. தகடுகள் திரும்ப முடியாதபடி குலைகின்றன. வெயிலில் காய்ந்த சதுர்த்திப் பிள்ளையார் குளத்தில் இறங்கியதும் கரைந்து மறுபடி களிமண்ணாகிவிடுகிறார். சூளை கண்ட பானைச் சில்லோ மூவாயிரம் ஆண்டு மண்ணுக்கடியில் மழையில் ஊறினாலும் சில்லாகவே கிடக்கிறது. தொல்லியல் என்ற துறைக்கு இவ்வளவு சான்றுகள் கிடைத்ததற்கு அந்த ஒரு டம்ளர் நீரின் வெளியேற்றம்தான் காரணம்.

நெருப்பு நிறத்தையும் மாற்றுகிறது. மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனை வேண்டிய அளவு பெற்றால் செந்நிற ஆக்சைடாகும். காற்றுக்குப் பஞ்சம் வந்தால் கறுப்பு. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கொடுமணலிலும் கிடைக்கும் கறுப்பு-சிவப்புப் பானைகள் இரண்டையும் ஒரே உடலில் காட்டுகின்றன. பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் வெளியே காற்றுப்பட்டுச் சிவந்தது, உள்ளே காற்றின்றிக் கரி படிந்து கறுத்தது என்பது தொல்லியலாளர் தரும் விளக்கம். இதைவிட வியப்பு 2020-இல் வந்தது. வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் கீழடிச் சில்லுகளின் உட்புறக் கறுப்புப் பூச்சை ஆராய்ந்து, அதில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதைச் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியிட்டனர். கரியணுக்கள் சுருண்டு உருவான குழாய்கள் அவை. தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே இருக்கும்.

சுட்ட பொம்மைக்கு வண்ணம் தீட்ட மாணவி தூரிகையை எடுக்கிறாள். வைத்த இடத்திலேயே வண்ணம் உறிஞ்சப்படுகிறது, இழுக்க வரவில்லை. நீர் வெளியேறிய துளைகள் எல்லாம் திரும்ப நீரைக் குடிக்கின்றன. பானைத் தண்ணீரைக் குளிர வைப்பதும் இதே துளைகள்தான். 10 லிட்டர் பானையில் மூன்று தேக்கரண்டியளவு நீர் கசிந்து ஆவியானால், உள்ளே உள்ள அத்தனை நீரும் ஏறக்குறைய 1 டிகிரி குளிரும்.

இப்போது வண்ணம். பெரும்பாலான வண்ணங்களில் இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று நிறமி, நிறம் தரும் பொடி. மற்றது பிணைப்பான், பொடியைத் தாளில் ஒட்டவைக்கும் பசை. வாட்டர் கலரில் அந்தப் பசை பெரும்பாலும் வேல மர இனத்தின் பிசின். நிறமிகளில் மிகப் பழையது காவி. அது இரும்பு ஆக்சைடு கலந்த களிமண்தான். கோலத்துக்குக் கரை கட்டும் காவியும், பானையைச் சிவக்க வைத்த இரும்பும், குகைச் சுவர்களில் ஆதி மனிதர் தீட்டிய சிவப்பும் ஒரே சேர்மம். களிமண் மேசைக்கும் ஓவிய மேசைக்கும் உறவு அவ்வளவு நெருக்கம்.

தூரிகையை நீரில் முக்கினால் கூராகிறது என்று எல்லோரும் நம்புகிறோம். ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கி, பக்கவாட்டில் பாருங்கள். நீருக்குள் முடிகள் விரிந்தே நிற்கும். வெளியே எடுத்த கணத்தில் ஒட்டிக் கூராகும். முடிகளை ஒட்டவைப்பது ஈரம் என்றால் நீருக்குள்ளும் அவை ஒட்டியிருக்க வேண்டுமே! உண்மையில் நீர்ப்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது. பரப்பு இழுவிசை என்பது இதுதான். வெளியே வந்ததும் முடிக்கற்றையைச் சுற்றி நீருக்கு ஒரு பரப்பு உண்டாகிறது. அது சுருங்கி முடிகளை நெருக்குகிறது. மயிரிழைக் கோடு வரைய முடிவது நீர்ப்பரப்பின் அந்தத் தயவால்.

தாளில் விழுந்த வண்ணத்துளி காயும்போது ஓரம் மட்டும் அழுத்தமான கோடாகிவிடும். மாணவிகளுக்கு இது பெரும் தலைவலி. 1997-இல் சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் நேச்சர் இதழில் இதற்கு விளக்கம் தந்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது காபிக் கறை. துளியின் ஓரம் தாளோடு சிக்கிக்கொண்டு நகராது. அங்கேதான் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடுகிறது. போகும்போது நிறமிகளையும் வாரிக்கொண்டு போகிறது. அசையாமல் கிடப்பதாகத் தோன்றும் துளிக்குள் ஓயாத ஓட்டம் நடக்கிறது. தாளை முன்கூட்டியே நனைத்துவிட்டால் துளிக்கு ஓரமே இருக்காது, கோடும் விழாது. ஓவியர்கள் இயற்பியலாளர்களுக்கு முன்பே கண்டுவைத்த தீர்வு அது.

காய்வதிலும் வண்ணங்களுக்குள் ஒற்றுமை இல்லை. வாட்டர் கலர் காய்ந்தால் வெளிறும். நீர் போன இடத்தில் காற்று புகுந்து ஒளியை அதிகம் சிதறடிக்கிறது. அக்ரிலிக் காய்ந்தால் அழுத்தமாகும். அதன் பிணைப்பான் ஈரத்தில் பால்போல் வெண்மை, காய்ந்ததும் தெளிந்த பிளாஸ்டிக் படலம். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த எண்ணெய் வண்ணமோ காய்வதே இல்லை எனலாம். அது காற்றிலிருந்து ஆக்சிஜனை உள்வாங்கி, மூலக்கூறுகளைப் பின்னிக்கொண்டு கெட்டியாகிறது. இறுகும் காலத்தில் அதன் எடை கூடுகிறது.

பசையே இல்லாத வண்ணமும் உண்டு. சுட்ட சுண்ணாம்பை நீரில் நீற்றிச் சுவரில் பூசி, ஈரம் போகுமுன் நீரில் குழைத்த நிறமியைத் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகிறது. நிறமி அந்தப் படிகத் தோலுக்குள் சிறைப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தச் சுவர்களை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பில் தீட்டப்பட்டவை என்று எழுதினார். ஈரம் இருக்கும் சில மணி நேரத்துக்குள் வரைந்து முடிக்க வேண்டிய வேலை அது; திருத்தவும் இடமில்லை.

வண்ணங்களைக் கலப்பது உண்மையில் கழித்தல் கணக்கு. மஞ்சள் நிறமி நீல ஒளியை விழுங்குகிறது. நீல நிறமி சிவப்பு ஒளியை விழுங்குகிறது. இரண்டும் விட்டுவைப்பது பச்சை. சிவப்பையும் நீலத்தையும் கலந்து ஊதாவுக்குக் காத்திருக்கும் மாணவிக்குப் பழுப்புச் சேறு கிடைப்பதும் இதனால்தான். பெட்டியிலுள்ள செஞ்சிவப்பு, நீல ஒளியையும் தின்றுவிடுகிறது, மிச்சம் அதிகமில்லை. நீலத்தை விட்டுவைக்கும் ரோஸ் நிறத்தோடு கலந்தால் பளிச்சென்ற ஊதா வரும்.

நிறமிகளின் கதை முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். சென்னையில் பிறந்து ஐ.ஐ.டி. மெட்ராஸில் முனைவர் பட்டம் பெற்ற வேதியியலாளர் மாஸ் சுப்பிரமணியன், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியலுக்கான புதுப் பொருள்களைத் தேடிக்கொண்டிருந்தார். 2009-இல் அவருடைய மாணவர் இட்ரியம், இன்டியம், மாங்கனீசு ஆக்சைடுகளை ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு உலையைத் திறந்தபோது, எதிர்பாராத கண்ணைப் பறிக்கும் நீலம் வெளிவந்தது. ஒவ்வொரு மாங்கனீசு அணுவையும் ஐந்து ஆக்சிஜன்கள் ஓர் அரிய வடிவில் சூழ்ந்து நிற்பதால் பிறந்த நிறம் அது. யின்மின் நீலம் என்ற பெயரில் இப்போது ஓவியர்களின் குழாய்களுக்கும் வந்துவிட்டது.

தேர்வு நெருங்கினால் பல பள்ளிகளில் முதலில் பறிபோவது ஓவியப் பாடவேளை. ஒரு கூடை களிமண்ணுக்கும் ஒரு கட்டுத் தூரிகைக்கும் ஆகும் செலவில், இவ்வளவு வேதியியலையும் இயற்பியலையும் பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்க்கும் ஆய்வகம் பள்ளியில் வேறு கிடையாது. தலைமையாசிரியர்களும் பெற்றோரும் அந்த ஒரு வேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.